பச்சையில் பிளக்க வேண்டும்: சீமைக்கருவேல விறகை வெட்டி, பிளந்து, காய வைக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் இன்னும் விறகுதான். தோட்டத்தை ஒட்டிச் சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பதால் வெளியே வாங்குவதில்லை. வருடா வருடம் தை மாதம் வெட்டி, பிளந்து, அடுத்த மழைக்குள் காய வைத்து உள்ளே ஏற்றிவிடுவோம்.

உதவிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மரத்தைச் சாய்ப்பதில் பயம் இருப்பதால் அதைக் கவனமாகச் செய்கிறார்கள். சாய்த்த பிறகு அலட்சியம் வந்துவிடுகிறது. என் அக்கா மகன் முதல் வருடம் சொன்னது: "காயட்டும் மாமா, காய்ஞ்சா லேசாயிரும். அப்புறம் பிளந்துக்கலாம்." சரி, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நாலு கட்டையை அவனுக்கென்று ஒதுக்கி வைத்தேன். சித்திரை மாதம் கோடாலியை ஓங்கிப் போட்டான். டங்கென்று துள்ளி எழும்பியது. கட்டையில் ஒரு விரல் ஆழத்துக்கு வடு, அவ்வளவுதான். ஆனால் அதே கட்டையை ரம்பத்தால் நடுவில் அறுத்துப் பார்த்தால், உள்ளே இன்னும் ஈரம்.

காயவும் இல்லை, பிளக்கவும் முடியவில்லை. வரிசையை மாற்றியதால் வந்த வினை. வெட்டு, துண்டு போடு, பிள, அடுக்கு, மேலே மூடு: இந்த வரிசை மாறக்கூடாது. முதல் மூன்றும் ஒரே வாரத்துக்குள் முடிய வேண்டும்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

தை, மாசிதான் வெட்டுக்கு ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்திருக்கும். தரை இறுகியிருக்கும், வண்டி உள்ளே வரும். வெயிலும் ஏறியிருக்காது என்பதால் கோடாலி வேலை பத்து மணி வரை தாங்கும். அதற்குப் பிறகு பங்குனி, சித்திரை, வைகாசி என்று மூன்று மாத வெயில் கையில் இருக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றும் கூட வரும்.

வைகாசியில் வெட்டினால் பாதி வெயில் போய்விடும். புரட்டாசியில் வெட்டினால் அந்த வருடம் அடுப்புக்கு ஆகும் என்று நம்பவே வேண்டாம். ஐப்பசி மழையில் நனைந்து, பூசணம் பூத்து, அடுத்த சித்திரையில்தான் எரியும்.

ஆகவே இந்த ஆடிக்கு எரிக்க வேண்டியதை இந்தத் தையில் வெட்டுங்கள். மழைக்காலத்துக்கும் அதுவே ஓட வேண்டும்.

2. எந்த மரம், எதை விட வேண்டும்

இந்த வழிகாட்டி சீமைக்கருவேலை வைத்து எழுதியது. தெற்கு மாவட்டங்களில் கைக்கு எட்டுவது அதுதான். கனமான மரம். நின்று எரியும், தணலும் நெடுநேரம் நிற்கும். கருவேல், உடை, வெள்வேல் எல்லாம் ஏறக்குறைய இதே முறைக்கு அடங்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சவுக்கு இன்னும் சுலபம். நேராக வளரும், முள் கிடையாது.

புளி வேறு விஷயம். கறிக்கடையில் கறி வெட்டப் போட்டிருக்கும் அடிக்கட்டையைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் புளியங்கட்டைதான். ஏன் அதைப் போடுகிறார்கள்? நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எத்தனை வெட்டு விழுந்தாலும் வெடிக்காது. கறிக்கடைக்காரருக்கு எது வரமோ அதுவே விறகு பிளக்கிறவருக்குச் சாபம். புளி கிடைத்தால் கிளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடிமரத்தை இயந்திரத்தில் அறுப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

மாமரம் எளிதாகப் பிளக்கும், சீக்கிரம் காயும், சீக்கிரமே சாம்பலும் ஆகிவிடும். அடுப்புப் பற்ற வைக்க நல்லது. வேம்பு வெந்நீர் அடுப்புக்கு ஆகும். புகை கசக்கும் என்று சமையலுக்குச் சேர்க்க மாட்டார்கள். முருங்கையை வெட்டிச் சுமப்பது வீண்.

எரிக்கவே கூடாதவை சில உண்டு. அரளிக் கட்டை வேண்டாம், அந்தப் புகையும் நஞ்சு. சதுப்புநிலப் பகுதியில் வளரும் தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடும், அதன் பக்கம் போகாதீர்கள். பெயின்ட் அடித்த பழைய கதவு, மருந்து ஏற்றிய ரயில் கட்டை இரண்டும் எந்த அடுப்புக்கும் ஆகாது.

3. மரம் யாருடையது என்று கேளுங்கள்

சீமைக்கருவேல்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று கண்மாய்க்கரையில் கோடாலியோடு இறங்கக்கூடாது. கண்மாய், ஓடை, புறம்போக்கு, சாலையோரம் இவற்றில் நிற்பது அரசின் மரம். கண்மாய்க்குள் நிற்பதை ஏலம் விடுவது வழக்கம். யாரோ பணம் கட்டி எடுத்திருக்கலாம். சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் எல்லைக்கல் எங்கே என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்பதே சரி. மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. அங்கே சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும்.

4. கையில் இருக்க வேண்டியவை

கோடாலி இரண்டு. இதில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். வெட்டும் கோடாலி மெல்லியதாக, கூர்மையாக இருக்க வேண்டும், அப்போதுதான் நாரைக் குறுக்கே அறுக்கும். பிளக்கும் கோடாலி கன்னம் பருத்ததாக இருக்க வேண்டும், அப்போதுதான் நாரை இரண்டு பக்கமும் தள்ளும். மெல்லிய கோடாலியால் பிளக்கப் போனால் கட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். பருத்த கோடாலியால் குறுக்கே வெட்டப் போனால் மரம் நசுங்குமே தவிர அறுபடாது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கோடாலியைப் பட்டறையில் சொல்லி வாங்கலாம். ஒன்றரை முதல் இரண்டு கிலோ போதும். அதற்கு மேல் கனம் போனால் பத்தாவது வீச்சிலேயே குறி தவறும்.

காம்பு கருவேலங்காம்பாக, இரண்டரை அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். காம்பு ஆடினால் பலரும் கோடாலியைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அன்றைக்கு இறுகும், உண்மைதான். மறுநாள் வெயிலில் முன்பைவிட அதிகமாகச் சுருங்கி, தலை கழன்று பறக்கும். ஊறப்போடாமல் காம்பின் தலையில் ஒரு சிறு ஆப்பு இறக்குங்கள்.

இரும்பு ஆப்பு இரண்டு, சம்மட்டி ஒன்று. ஆப்பு ஒன்று மட்டும் இருந்தால், அது கட்டைக்குள் மாட்டிக்கொண்ட நேரத்தில் எடுக்க வழியில்லை. இரண்டாவது ஆப்பு முதல் ஆப்பை விடுவிப்பதற்கு. அடி வாங்கி வாங்கி ஆப்பின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தால், அந்த விளிம்பைச் சாணை பிடித்து எடுத்துவிடுங்கள். அங்கிருந்து தெறிக்கும் இரும்புச் சில் கண்ணைப் பறித்துவிடும்.

வெட்டரிவாள், நீளமான கவைக்கம்பு, அரம், சாணைக்கல், ரம்பம், ஒரு தராசு. எதற்குத் தராசு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. கைலியோடு கோடாலி வீசாதீர்கள், முள்ளிலும் மாட்டும், காலிலும் சுற்றும். ஹவாய் செருப்பைச் சீமைக்கருவேல முள் வெண்ணெய் மாதிரி துளைத்துவிடும். அடி தடித்த ஷூ வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். டெட்டனஸ் (டி.டி.) ஊசி போட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். முள் ஒடிந்து உள்ளே நின்றுவிட்டால், முக்கியமாக மூட்டுப் பக்கம், ஊக்கை வைத்துக் கிண்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். வீங்கிச் சீழ் வைத்த பிறகு போனால் பத்து நாள் வேலை போகும்.

இயந்திர ரம்பம் வைத்திருப்பவர்கள் அதிலேயே சாய்த்துத் துண்டு போடலாம், நேரம் மிச்சம். ஆனால் அதை முதல் தடவை கையில் எடுப்பவர், தெரிந்தவர் பக்கத்தில் நிற்காமல் ஓட்ட வேண்டாம். சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் மேல்முனை கட்டையில் பட்டால் இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும்.

5. முதலில் முள்ளை அகற்றுங்கள், பிறகு மரம்

சீமைக்கருவேல் ஒற்றை மரமாக நிற்காது. தூரிலிருந்து நாலைந்து கிளைமரம் புதராகக் கிளம்பியிருக்கும். நேரே அடிமரத்துக்குப் போக முடியாது. வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

பக்கக் கிளைகளை அரிவாளால் கழித்து, கவைக்கம்பால் அமுக்கி இழுத்துத் தூரத்தில் ஒரே இடத்தில் சேருங்கள். கையால் இழுக்காதீர்கள். முள்ளை அங்கங்கே விட்டுவிட்டு மரத்தைச் சாய்த்தால், அதன் மேலேயே நின்று மீதி வேலை முழுவதும் செய்ய வேண்டியிருக்கும். சேர்த்த முள் வேலிக்கு ஆகும்.

அடுத்து ஓடும் வழி. மரம் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் சாய்வாக விலகிப் போக ஒரு பாதையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். இதை வெட்டத் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். மரம் முறியும் சத்தம் கேட்ட பிறகு வழி தேட நேரம் இருக்காது.

விழும் பக்கத்தில் தடிமனில் கால்வாசிக்கு ஒரு வாய் வெட்டுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்தில், வாய்க்குச் சற்று மேலே வெட்டிக்கொண்டு வாருங்கள். முழுதாக அறுக்காமல் நடுவில் இரண்டு விரல் கனத்துக்கு மரத்தை விட்டு வைத்தால், அது கதவுக் கீல் மாதிரி நின்று மரத்தைச் சொன்ன பக்கம் சாய்க்கும். அந்தக் கீலையும் வெட்டிவிட்டால் மரம் எந்தப் பக்கமும் திரும்பும்.

வளைந்து தரையோடு கிடக்கும் கிளைகளிடம் ஜாக்கிரதை. வில் மாதிரி விறைத்து நிற்கும். மேல்முதுகில் ஒரே வெட்டாக வெட்டினால் படாரென்று நிமிர்ந்து முழங்காலில் அடிக்கும். முதலில் உள்வளைவில் லேசாக வெட்டிவிட்டு, பிறகு முதுகுப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். எப்போதும் வளைவுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள்.

தொடைக் கனத்துக்கு மேல் போன மரத்தை முதல் வருடம் தொடாதீர்கள். கூலி கொடுத்துச் சாய்த்துக்கொள்வதே லாபம்.

தூரை என்ன செய்வது என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. நிலம் வேண்டும் என்றால் வேரோடு தோண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே மழையில் மறுபடி துளிர்க்கும். விறகு வேண்டும் என்றால் தூரை விட்டு, துளிர்க்கும் கிளைகளில் நல்லதாக இரண்டு மூன்றை மட்டும் வைத்து மீதியைக் கழித்துவிடுங்கள். சில வருடத்தில் அங்கேயே நேரான கட்டை கிடைக்கும். தோண்டிய தூர்க்கட்டை அருமையாக எரியும்தான். ஆனால் பட்டைக்குள் மணல் இருக்கும், ஒரு தூர் இரண்டு கோடாலியின் கூர்மையைத் தின்றுவிடும்.

6. உடனே துண்டு போடுங்கள்

அடுப்பின் வாயை அளந்துகொண்டு தொடங்குங்கள். வீட்டு அடுப்புக்கும் வெந்நீர் அடுப்புக்கும் ஒன்றரை அடி. விருந்துக்குக் கோட்டை அடுப்பு வெட்டுவதாக இருந்தால் மூன்றடி வரை போகலாம். ஒரு குச்சியை ஒன்றரை அடிக்கு ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அதை வைத்து அளந்தே அறுங்கள். கண்ணளவில் அறுத்தால் நீளம் கூடிக் குறைந்து, அடுக்கும்போது அட்டி (விறகு அடுக்கு) நிற்காது.

நீளம் ஏன் முக்கியம்? மரத்துக்குள் தண்ணீர் நாரின் வழியே ஓடுகிறது. நார் ஓடும் திசையில் ஈரம் வெளியேறும் வேகம், குறுக்கே வெளியேறுவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதாவது கட்டை காய்வது முக்கியமாக அறுபட்ட இரண்டு முனைகளின் வழியாக. எட்டடிக் கட்டைக்கும் இரண்டு முனைதான், ஒன்றரை அடிக் கட்டைக்கும் இரண்டு முனைதான். எட்டடிக் கட்டையின் நடுவில் இருக்கும் தண்ணீர் நாலடி நடந்து வெளியே வர வேண்டும். துண்டு போட்டால் முக்கால் அடி நடந்தால் போதும்.

கணு வரும் இடத்தைத் துண்டின் நடுவில் வைக்காமல், கணுவை ஒட்டி அறுங்கள். பிளக்கும்போது கணு ஒரு முனையில் இருந்தால் சமாளிக்கலாம், நடுவில் இருந்தால் மல்லுக்கட்ட வேண்டும்.

கட்டையை நேரே தரையில் வைத்து அறுக்காதீர்கள். கல்லும் மணலும் பல்லைக் கெடுக்கும். அடியில் இரண்டு கட்டையைக் குறுக்கே போட்டு அதன்மேல் வைத்து அறுங்கள்.

7. அதே வாரத்தில் பிளந்துவிடுங்கள்

வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

பச்சை மரத்தில் நாருக்கும் நாருக்கும் நடுவே தண்ணீர் இருப்பதால் மரம் மெத்தென்று விட்டுக்கொடுக்கும். காயக் காய நார் ஒன்றோடொன்று இறுகி, வைரம் பாய்ந்த நடுக்கட்டை இரும்பு மாதிரி ஆகிவிடும். இன்றைக்கு இரண்டு அடியில் பிளக்கும் கட்டை, மூன்று மாதம் கழித்து ஆப்பும் சம்மட்டியும் கேட்கும்.

இன்னொரு காரணம் பட்டை. மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் வெளியே போகாமல் காப்பதுதான் பட்டையின் வேலை. மரம் செத்த பிறகும் அது அதையே செய்துகொண்டிருக்கும். பிளந்தால்தான் பட்டையில்லாத முகம் காற்றுக்குக் கிடைக்கும். மணிக்கட்டுக் கனத்துக்குள் இருக்கும் குச்சியைப் பிளக்க வேண்டாம், ஆனால் ஒரு பக்கம் நெடுக அரிவாளால் பட்டையைச் சீவிவிடுங்கள். அந்த ஒரு சீவலுக்கே வாரக் கணக்கில் வித்தியாசம் தெரியும்.

அடிக்கட்டை: முழங்கால் உயரத்துக்கு ஒரு தடித்த கட்டையை நிறுத்தி, அதன்மேல் வைத்துப் பிளக்க வேண்டும். தரையில் வைத்துப் பிளந்தால் பாதி பலம் மண்ணுக்குப் போகும், குறி தவறினால் கோடாலி நேரே கல்லிலோ காலிலோ. பிளக்க வேண்டிய துண்டை அடிக்கட்டையின் நடுவில் வைக்காதீர்கள், உங்களிடமிருந்து தள்ளி இருக்கும் அந்தப் பக்க விளிம்பை ஒட்டி வையுங்கள். அப்போது தவறிய அடி அடிக்கட்டையில் இறங்கும், கால்வரை வராது.

குறி: அடிக்கும் முன் துண்டின் தலையை ஒரு நிமிடம் பாருங்கள். அறுத்து ஓரிரு நாள் ஆன கட்டையில் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தலைமுடி கனத்தில் வெடிப்புகள் ஓடியிருக்கும். மஞ்சள் பாரித்த வெளிக்கட்டையும் கருஞ்சிவப்பு நடுக்கட்டையும் தெளிவாகத் தெரியும். எந்த வெடிப்பு நீளமாக இருக்கிறதோ அதன் மேலேயே போடுங்கள். மரமே எங்கே பிளக்க வேண்டும் என்று காட்டுகிறது. கணு இருக்கும் பக்கத்தை விட்டு, இரண்டு கணுவுக்கு நடுவே குறி வையுங்கள்.

நிலை: கால் இரண்டும் தோளகலத்துக்கு, ஒரே கோட்டில். ஒரு கால் முன்னே நீட்டி நிற்காதீர்கள். கோடாலி இறங்கும் நேரத்தில் முழங்காலை மடக்குங்கள். நிமிர்ந்தே நின்றால் கோடாலி வட்டமாக உங்கள் பக்கம் திரும்பி வரும். மடங்கினால் நேராகக் கீழே இறங்கும். புதியவர்கள் கைபலத்தால் அடிக்கிறார்கள், அதனால்தான் அரை மணியில் தோள் விட்டுவிடுகிறது. கோடாலியின் கனம் தானாக இறங்கட்டும், கை வழி காட்டினால் போதும்.

பெரிய துண்டு: தொடைக் கனத்துக் கட்டையை நடுவில் பிளக்கப் போகாதீர்கள். ஓரத்திலிருந்து பலகை மாதிரி சுற்றிச் சுற்றிக் கழித்துக்கொண்டு வாருங்கள். ஓரத்தில் பிளக்க வேண்டிய அகலம் குறைவு, எளிதாக விடும். கடைசியில் நடுத்தண்டு சிறிதாக நிற்கும், அதை இரண்டாக்கினால் முடிந்தது.

மாட்டிக்கொண்டால்: கோடாலியைக் காம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். காம்பு ஒடிவது அங்கேதான். காம்பின் நுனியை உள்ளங்கையால் மேலிருந்து கீழே தட்டினால் பெரும்பாலும் விடும். விடாவிட்டால் வெடிப்பின் மறுமுனையில் ஆப்பை இறக்குங்கள். கோடாலியின் முதுகில் சம்மட்டியால் அடிப்பதைப் பலரும் செய்கிறார்கள். நாலு தடவை அடித்தால் காம்பு நுழையும் கண் நசுங்கி, அதன்பின் எந்தக் காம்பும் அதில் நிற்காது. ஆப்பு என்ற சாமானே அந்த அடியை வாங்கத்தான் இருக்கிறது.

பிளந்த விறகு எந்தக் கனத்தில் இருக்க வேண்டும்? வீட்டு அடுப்புக்கு மணிக்கட்டுக் கனம். வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் முன்கைக் கனம். எல்லாவற்றையும் ஒரே கனத்தில் பிளக்க வேண்டியதில்லை. மெல்லியது பற்றிக்கொள்ளும், தடித்தது நின்று எரியும், இரண்டும் வேண்டும்.

பத்தில் ஒரு துண்டு எதற்கும் மசியாது. கணு மேல் கணுவாக, முறுக்கிக்கொண்டு நிற்கும். அதோடு கௌரவப் பிரச்சினை வைத்துக்கொள்ளாதீர்கள். தூக்கி ஓரமாகப் போடுங்கள்.

8. குவிக்காதீர்கள், அடுக்குங்கள்

பிளந்த களைப்பில் எல்லாவற்றையும் ஒரு குவியலாகத் தள்ளிவிட்டுப் போவது இரண்டாவது பெரிய தவறு. மேலே இருப்பது காயும். நடுவில் இருப்பது வெந்து, வெள்ளையாகப் பூசணம் பூக்கும்.

வெயில் காய வைக்கிறது என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. வெயில் ஈரத்தை வெளியே இழுக்கும், வெளியே வந்த ஈரத்தைக் கொண்டுபோவது காற்று. காற்றில்லாத இடத்தில் விறகு தன்னுடைய ஈரத்துக்குள்ளேயே புழுங்கிக் கிடக்கும். ஆகவே இடம் தேடும்போது காற்றோட்டத்தை முதலில் பாருங்கள், வெயிலை அடுத்ததாக.

அடியில் இரண்டு வரிசை செங்கல்லோ கல்லோ வைத்து, குறுக்கே கம்புகளைப் போட்டு, தரையிலிருந்து அரையடி உயர்த்துங்கள். தரையில் பட்ட விறகுக்கு ஈரமும் ஏறும், கரையானும் ஏறும். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம். சுவருக்குப் பின்னால் காற்று போகாது, அதோடு கரையானுக்கு வீட்டுக்குள் பாலம் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

அட்டியின் இரண்டு முனையிலும் விறகைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வைத்துத் தூண் கட்டுங்கள். நடுவில் சாதாரணமாக அடுக்கலாம். ஒரு விறகு அகலம்தான், இடுப்பு உயரம்தான். இரண்டு மூன்று வரிசையை ஒட்டி ஒட்டி அடுக்கினால் நடு வரிசைக்குக் காற்று கிடையாது. அட்டியின் அகன்ற முகம் காற்று வரும் திசையைப் பார்க்கட்டும். தெற்கு மாவட்டங்களில் ஆனி, ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருவதால் அட்டி வடக்குத் தெற்காக நீளும்.

ரொம்ப நெருக்கிச் செருகாதீர்கள். விறகுக்கு நடுவே அணில் ஓடும் அளவுக்கு இடைவெளி இருக்கட்டும். மேல்வரிசையில் பட்டைப் பக்கம் மேலே பார்க்க வையுங்கள். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தால் வழிந்து ஓடிவிடும்.

தார்ப்பாய் போட்டுச் சுற்றிலும் மூடிக் கட்டுகிறவர்கள் உண்டு. காலையில் பாயைத் தூக்கிப் பாருங்கள், உள்பக்கம் முழுவதும் நீர்த்துளி. விறகிலிருந்து வந்த தண்ணீர் திரும்ப விறகுக்கே போகிறது. மேலே மட்டும் தென்னங்கீற்றோ தகரமோ போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

அட்டியின் ஒரு மூலையில் சுண்ணாம்பால் மாதத்தை எழுதி வையுங்கள். அடுத்த வருடம் இரண்டு அட்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது எது பழசு என்று கண்ணால் சொல்ல முடியாது.

9. காய்ந்துவிட்டதா என்று எடை போட்டுப் பாருங்கள்

முனையில் வெடிப்பு வந்துவிட்டது, காய்ந்துவிட்டது என்று சொல்வார்கள். வெடிப்பு முனை காய்ந்ததைத்தான் சொல்கிறது. நடுவைப் பற்றி அதற்குத் தெரியாது.

தராசு இதற்குத்தான். அடுக்கும் நாளில் மூன்று விறகை எடுங்கள், ஒன்று மெல்லியது, ஒன்று நடுத்தரம், ஒன்று தடித்தது. எடை போட்டு, எடையை அதன் மேலேயே எழுதி, அட்டியின் நடுப்பகுதியில் செருகுங்கள். ஓரத்தில் வைத்தால் ஏமாற்றும். வாரம் ஒருமுறை எடுத்துப் போட்டுப் பாருங்கள். முதல் வாரங்களில் எடை கிடுகிடுவென்று இறங்கும், பிறகு மெதுவாகும். தொடர்ந்து இரண்டு வாரம் அசையாமல் நின்றால் அந்தக் கனத்து விறகு காய்ந்தது.

பச்சை விறகின் எடையில் 40 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ விறகில் 6 கிலோதான் மரம். அதில் ஈரம் 15 சதவீதமாக இறங்கும்போது எடை 7 கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். பச்சை விறகை டன் கணக்கில் விலை பேசி வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஒரு டன்னில் 400 கிலோ தண்ணீர்.

அந்தத் தண்ணீர் அடுப்பில் சும்மா இருக்காது. ஒரு லிட்டர் தண்ணீரை முழுதாக ஆவியாக்கச் செலவாகும் சூட்டில், ஏழு லிட்டருக்கும் மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொதி வரைக்கும் கொண்டுவந்துவிடலாம். ஈர விறகு முதலில் தன்னைக் காய வைத்துக்கொள்கிறது, மிச்சம் இருந்தால்தான் உங்கள் அண்டாவுக்கு. அதோடு சூடு பத்தாமல் அரைகுறையாக எரிவதால் புகையும் கரியும்.

தராசு இல்லாவிட்டால் காதை நம்புங்கள். இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று பேசும், ஈரமானது தொப்பென்று விழும். சந்தேகம் இருந்தால் ஒன்றைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தைக் கன்னத்தில் வையுங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரமானி வாங்கியிருப்பவர்களும் இப்படிப் புதிதாகப் பிளந்த முகத்தில்தான் குத்திப் பார்க்க வேண்டும். அதில் 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் எரிக்கலாம்.

எங்கள் பக்கத்து வெயிலில் மணிக்கட்டுக் கனத்துச் சீமைக்கருவேல் இரண்டு மாதத்தில் தயாராகிவிடுகிறது. முன்கைக் கனம் மூன்று, மூன்றரை மாதம் கேட்கிறது. புளியாக இருந்தால் ஒரு வருடம் தள்ளிப் பாருங்கள்.

கடைசிச் சோதனை அடுப்பே. எரியும் விறகின் வெளியே நீட்டியிருக்கும் முனையைப் பாருங்கள். அங்கே நுரை கட்டி, ஸ்ஸ் என்று சத்தத்தோடு நீர் கசிந்தால், அந்த அட்டியை இன்னும் ஒரு மாதம் தொடாதீர்கள்.

10. ஐப்பசிக்கு முன் உள்ளே ஏற்றுங்கள்

புரட்டாசிக்குள் விறகு கொட்டகைக்குள் போய்விட வேண்டும். காய்ந்த விறகு மழையில் ஒருநாள் நனைந்தால் பெரிய கெடுதல் இல்லை, மேலே பட்ட ஈரம் இரண்டு நாளில் போய்விடும். மழைக்காலம் முழுவதும் நனைந்துகொண்டே இருந்தால்தான் உள்வரை ஊறும்.

வெயில் உச்சத்தில், மதியத்துக்கு மேல் ஏற்றுங்கள். காலைப் பனி ஈரத்தோடு கொண்டுபோய் அடைக்க வேண்டாம். கொட்டகையிலும் கீழே கல், பக்கத்தில் இடைவெளி. பழைய அட்டியிலிருந்து மீந்ததை முன்னால் வைத்து, புதியதைப் பின்னால் அடுக்குங்கள். இல்லாவிட்டால் பழசு மூலையில் கிடந்து உளுத்துப் போகும். வெளிக்கட்டையில் பொடிப் பொடியாக ஓட்டை விழுந்து மாவு உதிர்ந்தால் வண்டு இறங்கிவிட்டது என்று அர்த்தம். எரிப்பதற்குக் கெடுதல் இல்லை, ஆனால் அதை முதலில் எரித்துவிடுங்கள். வீட்டு நிலைக்கதவுப் பக்கம் அடுக்க வேண்டாம்.

அட்டியைப் பிரிக்கும்போது அவசரப்பட்டு நேரே கையை விடாதீர்கள். ஆறு மாதம் அசையாமல் கிடந்த விறகு தேளுக்கும் விரியனுக்கும் நல்ல வீடு. முதலில் ஒரு கம்பால் நாலு பக்கமும் தட்டி, சற்றுப் பொறுத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எடுங்கள். அடியிலிருந்து உருவக்கூடாது. கீழ்வரிசையை எடுக்கும்போது கம்பால் புரட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இருட்டிய பிறகு விறகெடுக்கப் போவதே வேண்டாம், மறுநாள் காலைக்கு வேண்டியதை வெளிச்சத்திலேயே எடுத்து அடுப்படியில் போட்டு வையுங்கள்.

பிளக்க மாட்டேன் என்று ஓரமாகக் கிடக்கும் அந்தக் கணுக்கட்டைகளை மறக்க வேண்டாம். அவை காய இரண்டு கோடை எடுக்கும். எங்கள் வீட்டில் நெல் அவிக்கும் நாளில் அடுப்பின் அடியில் ஒன்றைத் தள்ளிவிடுவோம். காலையில் வைத்தால் சாயங்காலம் வரை தணல் நிற்கும்.